ஓகஸ்ட்டுக்கு முன்பே எழுதப்படும் தீர்ப்பு: நம் பிள்ளைகளும் முன்கணிப்புத் தரங்களும்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வியாழக்கிழமை காலையில், நம் வீடுகளில் யாரும் ஆறுதலாகத் தேநீர் குடிப்பதில்லை. பிள்ளை கைபேசியோடு ஒரு மூலையில், அம்மா சாமி அறையில், அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலுக்கும் வரவேற்பறைக்குமாக நடந்துகொண்டிருப்பார். அன்றுதான் எல்லாம் தீர்மானமாகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை போகலாம் என்பது அதற்குப் பத்து மாதங்கள் முன்னதாகவே, பாடசாலை விண்ணப்பப் படிவத்தில் எழுதிய மூன்று எழுத்துக்களால் பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

அந்த எழுத்துக்களைப் பிள்ளைகள் 'பிரெடிக்டட் கிரேட்' என்பார்கள். தமிழில் முன்கணிப்புத் தரம் என்று சொல்லலாம். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் விளக்கப்படி, எல்லாம் நல்லபடி அமைந்தால் இந்த மாணவர் எட்டுவார் என்று பாடசாலை நம்பும் தரமே அது. பரீட்சை எழுதுவது மே, ஜூன் மாதங்களில். விண்ணப்பம் போவதோ அதற்கு முந்திய ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். பல்கலைக்கழகத்தின் மேசையில் அப்போது இருப்பது பழைய ஜிசிஎஸ்ஈ பெறுபேறும், மாணவரின் சுயவிளக்கமும், ஆசிரியரின் பரிந்துரையும், இந்த முன்கணிப்பும்தான். மருத்துவத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது மூன்று ஏ. பிள்ளைக்கு ஏ, ஏ, பி என்று கணிப்புப் போனால், பெரும்பாலான மருத்துவ பீடங்களில் அந்த விண்ணப்பம் முதற்படியிலேயே நின்றுவிடும். அடுத்த ஓகஸ்ட்டில் அதே பிள்ளை மூன்று ஏ எடுத்தாலும், அந்த ஆண்டின் நேர்முகத் தேர்வுகள் எப்போதோ முடிந்திருக்கும்.

இங்கே நாம் சொல்ல வருவது இதுதான்: செப்டெம்பரில் பாடசாலைக்குப் போய்க் கெஞ்சி இந்தத் தரத்தை உயர்த்துவது கடினம். 12ஆம் ஆண்டு முழுவதும் சான்று சேர்த்து உயர்த்தலாம். அந்த வேலையில் ஆங்கிலம் நன்றாகத் தெரியாத பெற்றோருக்கும் பங்கு இருக்கிறது.

ஊரில் இருந்த வழி வேறு

நம்மில் பெரும்பாலானோர் வளர்ந்த முறையில் பரீட்சைதான் கடைசித் தீர்ப்பு. இலங்கையில் உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, அதன் பிறகே பல்கலைக்கழக விண்ணப்பம். இன்று இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் எப்படிக் கணக்கிடப்பட்டாலும், கணக்கு தொடங்குவது எழுதிய தாளிலிருந்துதான். வகுப்பு ஆசிரியர் நம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், எடுத்த புள்ளி கையில் இருந்தும் இடம் மறுக்கப்படும் கசப்பை ஒரு தலைமுறைக்கே கற்பித்தது. அந்தக் கசப்பிலிருந்து நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், 'கடைசிப் பரீட்சையில் யாராலும் குறை சொல்ல முடியாதபடி எடு' என்பது.

அந்தப் பாடம் ஊருக்குச் சரி. யேர்மனியில் அபித்தூர், சுவிற்சர்லாந்தில் மத்தூரா என்று முடித்த சான்றிதழோடு பல்கலைக்கழகம் போகும் உறவினர்களின் பிள்ளைகளுக்கும் ஓரளவு பொருந்தும். ஸ்கொட்லாந்தில் கூட, பெரும்பாலான மாணவர்கள் ஐந்தாம் ஆண்டில் எழுதிய ஹயர் பரீட்சையின் உண்மையான பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்கிறார்கள். இங்கிலாந்தில்தான் கதை வேறு. இங்கே முதலில் கணிப்பு, பிறகு நிபந்தனையோடு இடம், கடைசியில் பரீட்சை.

முன்னர் இந்தக் கணிப்புக்கு ஒரு பிடிமானம் இருந்தது. 12ஆம் ஆண்டின் முடிவில் பிள்ளைகள் ஏஎஸ் பரீட்சை எழுதுவார்கள். அந்தப் புள்ளி உயர்தரத்தின் ஒரு பகுதியாகவே சேரும். வெளியார் திருத்திய ஒரு தாளைப் பார்த்துத்தான் ஆசிரியரும் கணித்தார், பல்கலைக்கழகமும் நம்பியது. 2015 செப்டெம்பரில் தொடங்கிய மாற்றத்தோடு இங்கிலாந்தில் ஏஎஸ் உயர்தரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பெரும்பாலான பாடசாலைகள் அதை நடத்துவதையே விட்டுவிட்டன. அந்த இடத்துக்கு வந்தது பாடசாலையே வினாத்தாள் போட்டு, பாடசாலையே திருத்தி, பாடசாலையே தர எல்லை வகுக்கும் 12ஆம் ஆண்டு இறுதிப் பரீட்சை. ஜூன் மாதத்தில் நடக்கும் அந்தப் பரீட்சையைப் பல வீடுகளில் 'சும்மா ஸ்கூல் டெஸ்ட்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் பல பாடசாலைகளில் பல்கலைக்கழக வாசலின் திறப்பு அந்தப் பரீட்சைதான்.

கணிப்பு எவ்வளவு நம்பகமானது?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் ஜில் வைனஸ், பல்கலைக்கழக ஆசிரியர் தொழிற்சங்கத்துக்காக 2016இல் செய்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாணவர்களின் சிறந்த மூன்று பாடங்களை வைத்துப் பார்த்தபோது, கணிப்பு சரியாக அமைந்தது 16 வீதத்தினருக்கு மட்டுமே. 75 வீதத்தினருக்கு எடுத்ததை விடக் கூடுதலாகக் கணிக்கப்பட்டிருந்தது. 9 வீதத்தினருக்குக் குறைவாக.

இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் நல்லதுதானே, கூட்டித்தானே போடுகிறார்கள்' என்று தோன்றலாம். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். முக்கால்வாசிப் பேருக்குக் கூட்டிக் கணிக்கும் ஒரு முறையில், பல்கலைக்கழகங்களும் அதைத் தெரிந்துகொண்டே இடம் கொடுக்கின்றன. அங்கே ஒரு பிள்ளைக்கு உள்ளபடியோ குறைத்தோ கணித்தால், அந்தப் பிள்ளை ஏனையோருக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. அதே ஆய்வு, ஏ, ஏ, பி அல்லது அதற்கு மேல் எடுத்த மாணவர்களைத் தனியாகப் பார்த்தது. வசதி குறைந்த பின்னணியினரில் 24 வீதத்தினருக்குக் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. வசதியான பின்னணியினரில் அது 20 வீதம். ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 பிள்ளைகள் இப்படித் திறமை இருந்தும் வறுமையோடு சேர்த்துக் குறைத்துக் கணிக்கப்படுகிறார்கள் என்பது அதன் முடிவு. இரவு வேலையும் கடை வேலையுமாக வாழும் நம் குடும்பங்கள் எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்று சொல்லத் தேவையில்லை.

கணிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியரின் தனிப்பட்ட மதிப்பீடு ஒரு பங்கு. வகுப்புத் தேர்வுகளும் ஜூன் பரீட்சையும் ஒரு பங்கு. மூன்றாவது பங்கு பலருக்குத் தெரியாதது. அல்ப்ஸ், அலிஸ் போன்ற கணிப்பு முறைகளைப் பல பாடசாலைகள் பயன்படுத்துகின்றன. பிள்ளை ஜிசிஎஸ்ஈயில் எடுத்த சராசரியை வைத்து, 'இப்படிப்பட்ட மாணவர் உயர்தரத்தில் இதை எடுப்பார்' என்று ஓர் இலக்குத் தரத்தை அவை தருகின்றன. ஆறு வயதில் இங்கு வந்த பிள்ளைக்கு அது பொருந்தலாம். பதினான்கு வயதில், வழக்கும் வீடு மாற்றமும் புது மொழியுமாக வந்து சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் ஜிசிஎஸ்ஈ எழுதிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கணிதத்தில் 8, ஆங்கிலத்தில் 5, வரலாற்றில் 4. சராசரி கீழே இறங்கும். அந்தச் சராசரியின் நிழல், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையின் இரசாயனவியல் கணிப்பிலும் விழும். இந்தப் பிள்ளை வளர்ந்த வேகம் அந்த இலக்கத்துக்குத் தெரியாது. ஆசிரியருக்குத் தெரியும், அவர் பார்க்கும்படி நாம் சொன்னால்.

பழைய இலக்கம் இன்றைய பிள்ளையின் தலையில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை 2020இல் நாடு முழுவதும் கண்டது. கொவிட் காரணமாகப் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களை, பாடசாலையின் முந்தைய பெறுபேறுகளையும் சேர்த்த ஒரு கணிப்பு முறை திருத்தியது. ஓகஸ்ட் 13ஆம் திகதி முடிவு வந்தபோது இங்கிலாந்தில் ஏறக்குறைய 40 வீதமான தரங்கள் ஆசிரியர் கொடுத்ததை விடக் குறைந்திருந்தன. பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி ஆசிரியர் தரங்களை ஏற்றது.

மாறும் என்று காத்திருக்க முடியாது

பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பிக்கும் முறைக்கு மாற வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. 2004இல் ஸ்வோட்ஸ் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 2011இல் யூகாஸே அப்படியொரு திட்டத்தை முன்வைத்தது. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஒத்துவரவில்லை. 2021 ஜனவரியில் அரசு மீண்டும் மக்களின் கருத்தைக் கேட்டது. 2022 பெப்ரவரியில், இப்போது மாற்றம் இல்லை என்று அறிவித்துக் கோப்பை மூடியது. பரீட்சைக்கும் செப்டெம்பர் சேர்க்கைக்கும் இடையில் போதிய காலம் இல்லை என்பது எப்போதும் சொல்லப்படும் காரணம்.

இந்த முறை நியாயமற்றது என்று குரல் கொடுப்பது அவசியம். பாராளுமன்ற உறுப்பினர்கள் நம் தைப்பொங்கல் மேடைகளுக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. ஆனால் இன்று 16 வயதில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சீர்திருத்தம் வந்து சேரப்போவதில்லை. இருக்கும் முறைக்குள் அந்தப் பிள்ளைக்கு உரியதைப் பெற்றுக் கொடுப்பது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

நம் வீடுகளில் நடப்பது

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் சனி, ஞாயிறுகளில் ரியூசன் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. கல்விக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவு செய்யும் சமூகம் நாம். ஆனால் அந்தச் செலவு கணிப்பில் ஏறாமல் போவதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறோம்.

முதலாவது, ரியூசனில் பிள்ளை காட்டும் திறமை பாடசாலை ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. அங்கே 90 புள்ளி எடுக்கும் பிள்ளை, பாடசாலையில் வீட்டுவேலையைக் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்தால், ஆசிரியரின் பதிவில் இருப்பது அந்த வீட்டுவேலைதான். ரியூசனில் கற்பிப்பது எந்தப் பரீட்சைச் சபையின் பாடத்திட்டம் என்பதும் முக்கியம். ஏகியூஏ, எடெக்செல், ஓசிஆர் மூன்றுக்கும் விஞ்ஞானப் பாடங்களில் அலகுகளின் ஒழுங்கும் கேள்வி கேட்கும் பாணியும் வேறுபடும். ஐந்து பாடசாலைப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் வகுப்பில் உங்கள் பிள்ளையின் சபை எது என்று யாராவது கேட்டார்களா?

இரண்டாவது, ஆசிரியர் முன் நம் மௌனம். 'ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை நல்ல குணம். ஆனால் இங்குள்ள பாடசாலைகள் கேள்வி கேட்கும் பெற்றோரை அக்கறையுள்ளவர் என்று பார்க்கின்றன. கேட்காதவர் திருப்தியாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கின்றன. பெற்றோர் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளராகப் பிள்ளையே நிற்கும்போது இன்னொரு சிக்கல். ஆசிரியர் சொல்லும் குறை வடிகட்டப்பட்டே நம் காதுக்கு வருகிறது. ஒரு சித்தப்பாவையோ படித்து முடித்த மச்சாளையோ கூட்டிப் போவதில் வெட்கமில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பாடசாலையிடமே முன்கூட்டிக் கேட்டும் பார்க்கலாம்.

மூன்றாவது, நான்கு பாடங்கள். பெருமைக்காக நான்காவது உயர்தரப் பாடத்தைச் சுமக்கும் பிள்ளைகள் நம்மிடையே அதிகம். மருத்துவம் உட்படப் பெரும்பாலான பாடநெறிகள் மூன்று பாடங்களுக்கே நிபந்தனை விதிக்கின்றன. மேலதிக கணிதம் போல, குறித்த பாடநெறிக்கு உண்மையாகவே உதவும் பாடம் என்றால் வேறு கதை. மற்றபடி நான்கு பாடங்களில் பி எடுப்பதை விட மூன்றில் ஏ எடுப்பதே கதவைத் திறக்கும். 12ஆம் ஆண்டின் நடுவில் ஒரு பாடத்தை விடுவது தோல்வி அல்ல.

எப்போது, என்ன செய்யலாம்

12ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே ஒரு கேள்வியைப் பாடசாலையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்: 'முன்கணிப்புத் தரத்தை எந்தச் சான்றுகளை வைத்து, எந்த மாதத்தில் தீர்மானிக்கிறீர்கள்?' சில பாடசாலைகள் ஜூன் பரீட்சையை மட்டும் பார்க்கும். சில, ஆண்டு முழுவதும் நடந்த தேர்வுகளைப் பார்க்கும். சில, செப்டெம்பரில் மறுபரீட்சை வைக்கும். இதைத் தெரிந்துகொண்டால்தான் பிள்ளை எங்கே உழைப்பைக் குவிப்பது என்று தெரியும்.

நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, ஒவ்வொரு அலகுத் தேர்வுக்குப் பிறகும் திருத்திய தாளைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரட்டும். நாம் இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை. 'எந்தக் கேள்வியில் புள்ளி போனது, பாடம் தெரியாமலா, கேள்வி விளங்காமலா, நேரம் போதாமலா?' என்று மூன்றே கேள்விகளைத் தமிழில் கேட்கலாம். பாடம் தெரியாவிட்டால் அந்த அலகைத் திரும்பப் படிக்க வேண்டும். கேள்வி விளங்காவிட்டால் பரீட்சைச் சபையின் புள்ளித் திட்டத்தையும் பரீட்சகர் அறிக்கையையும் வாசிக்க வேண்டும். இரண்டும் சபைகளின் இணையத்தளங்களில் இலவசமாக உள்ளன. எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தச் சொல் இல்லாததால் புள்ளி போனது என்று அவை சொல்லும். நம் பிள்ளைகளில் பலர் விடை தெரிந்தும் அந்தச் சொல்லை எழுதாமல் ஏயைத் தவறவிடுகிறார்கள். நேரம்தான் சிக்கல் என்றால் மணிக்கூட்டை வைத்துப் பழைய தாள்களை எழுதிப் பழக வேண்டும். வாசிப்பில் தொடர்ச்சியான இடர் தெரிந்தால், மேலதிக நேரம் போன்ற பரீட்சை வசதிகளுக்கான மதிப்பீட்டைப் பாடசாலையிடம் கேட்கலாம். அதை 13ஆம் ஆண்டு வரை தள்ளிப்போடக்கூடாது.

ஈஸ்டர் விடுமுறை ஜூன் பரீட்சைக்கான விடுமுறை என்று வீட்டில் முடிவெடுங்கள். பூப்புனித நீராட்டு விழாக்களும் கலியாணங்களும் வரிசையாக வரும் காலம் அது. பத்து வாரங்களுக்குச் சில அழைப்புகளுக்குப் பெற்றோர் மட்டும் போனால் உறவு முறியாது.

ஜூலையில் கணிப்பு வந்ததும், குறைவாக இருந்தால் உடனே, மரியாதையோடு, எழுத்தில் கேளுங்கள். 'ஏ போடுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. மாணவரோ பெற்றோரோ கொடுக்கும் அழுத்தத்துக்காகக் கணிப்பு மாறக்கூடாது என்பது யூகாஸ் பாடசாலைகளுக்குச் சொல்லும் நெறி. பரீட்சைச் சபைகளுக்கும் இதில் தொடர்பில்லை என்பதால் அங்கே மேன்முறையீடு செய்யவும் வழியில்லை. கேட்கக்கூடியவை வேறு: இந்தத் தரத்துக்கு எந்தத் தேர்வுகள் எடுக்கப்பட்டன? தர எல்லை எவ்வளவு, பிள்ளை எத்தனை புள்ளியால் தவறினார்? ஜிசிஎஸ்ஈ சராசரி இதில் எவ்வளவு பங்கு வகித்தது? செப்டெம்பரில் எந்தச் சான்றைக் காட்டினால் மீளாய்வு செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பிள்ளையின் கோடை விடுமுறை வேலைத்திட்டம்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல்மருத்துவம், மிருகவைத்தியம் ஆகியவற்றுக்கு ஒக்டோபர் 15 மாலைதான் எல்லை. ஏனைய பெரும்பாலான பாடநெறிகளுக்கு எல்லை ஜனவரியில். அந்த நாளுக்கு முன் வந்து சேரும் எல்லா விண்ணப்பங்களையும் சமமாகக் கருத வேண்டும் என்பது விதி. பாடசாலைகள் தம் வேலை வசதிக்காக ஒக்டோபரிலோ நவம்பரிலோ உள்ளகக் கெடு வைப்பதுண்டு. பிள்ளையின் நவம்பர், டிசெம்பர் மொக் பரீட்சை நன்றாக அமையும் என்று ஆசிரியரும் ஒப்புக்கொண்டால், அந்தப் பெறுபேறு வரும்வரை விண்ணப்பத்தை வைத்திருக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. அந்த இரண்டு மாதங்கள் சில பிள்ளைகளுக்கு ஒரு முழுத் தரத்தைத் தந்துவிடும்.

சொல்லாமல் விடும் கதை

அகதி வழக்கு நிலுவையில் இருக்கும் வீடு, உள்துறை அமைச்சின் கடிதம் வந்த இரவு, மூன்று முறை மாறிய தற்காலிக வீடு, போரின் நினைவால் உறங்காத அப்பா, வைத்தியசாலைக்கு மொழிபெயர்க்கப் போன நாட்கள். இவற்றைப் பாடசாலைக்குச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். குடும்ப விடயம் வெளியே போகக்கூடாது என்பது ஒரு காரணம். அனுதாபம் கேட்பதுபோல ஆகிவிடும் என்பது மற்றது.

2024 நுழைவிலிருந்து யூகாஸ் பரிந்துரைக் கடிதம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பகுதி, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளுக்கென்றே உள்ளது. அங்கே எழுதப்படுவது சலுகைப் பிச்சை அல்ல. ஒரு பெறுபேற்றை எந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும் என்ற தகவல். ஆனால் ஆசிரியருக்குத் தெரியாததை அவர் எழுத முடியாது. பல பல்கலைக்கழகங்கள் வாழும் பகுதி, பாடசாலையின் தராதரம், இலவச மதிய உணவு, அகதி நிலை போன்றவற்றைப் பார்த்து ஒன்று இரண்டு தரம் குறைத்து இடம் தருகின்றன. இலண்டன் கிங்ஸ் கல்லூரி, சௌதம்ப்டன் போன்ற இடங்களில் பின்தங்கிய சூழலிலிருந்து வருவோருக்கென்றே ஆறு ஆண்டு மருத்துவப் பாடநெறிகள் உண்டு. கணிப்பு ஏ, பி, பி என்றதும் மருத்துவக் கனவை மூடிவைக்கும் முன் இவற்றின் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும்.

கட்டணத்தையும் இதோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு உள்நாட்டுக் கட்டணமும் மாணவர் கடனும் உண்டு. வழக்கு முடியாதவருக்கு அரசின் மாணவர் கடன் கிடைப்பதில்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அத்தகையோருக்கென்று புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை குறைவு என்பதால், அங்கேயும் நல்ல முன்கணிப்பு இருக்கும் பிள்ளைக்கே வாய்ப்பு அதிகம்.

கூட்டிப் போட்டாலும் ஆபத்து உண்டு

கேட்டுக் கேட்டுக் கணிப்பை உயர்த்திய பின், அந்தத் தரத்தைப் பிள்ளை எடுக்க முடியாமல் போனால் என்ன? இடங்கள் வரும், நிபந்தனைகளும் அதே உயரத்தில் வரும். கிடைத்த இடங்களில் ஒன்றை முதற்தெரிவாகவும் ஒன்றைக் காப்புத் தெரிவாகவும் பிள்ளை வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஏ, ஏ, ஏ கேட்டால் காப்பு என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. பி, பி, பி எடுத்து இரண்டையும் இழந்து, ஓகஸ்ட் காலையில் கிளியரிங் தொலைபேசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகத்தை எந்தப் பெற்றோரும் காண விரும்பமாட்டார்கள். ஐந்து தெரிவுகளில் இரண்டு கணிப்புக்குச் சற்று மேலே, இரண்டு கணிப்போடு, ஒன்று அதற்குக் கீழே என்று வைப்பது பழைய யோசனை. இன்றும் நல்ல யோசனை.

எல்லாம் செய்தும் கணிப்புக் குறைவாகவே நின்றால் வழி மூடிவிடவில்லை. எதிர்பார்த்ததை விட நன்றாக எடுத்த பிள்ளை, கையிலுள்ள இடத்தை விட்டுக்கொடுத்துக் கிளியரிங் மூலம் வேறிடம் தேடலாம். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது என்பதால், மறுபக்கத்தில் உறுதி கிடைத்த பின்னரே அதைச் செய்ய வேண்டும். அல்லது ஓர் ஆண்டு பொறுத்து, உண்மையான பெறுபேற்றோடு விண்ணப்பிக்கலாம். அப்போது யாருடைய கணிப்பும் தேவையில்லை. எழுதிய தாளே பேசும். 'ஒரு வருசம் வீணாகப் போகிறது' என்று நம்மவர்கள் பதறுவார்கள். போரிலும் முகாமிலும் பயணத்திலும் பல ஆண்டுகளை இழந்து, அதன் பிறகும் படித்து முடித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்! திட்டமிட்டு எடுக்கும் ஓர் ஆண்டு வீணாவதில்லை.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஓகஸ்ட் முடிந்ததும் தமிழ்ப் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் பெறுபேறு எடுத்த பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றன. நல்ல வழக்கம், தொடரட்டும். அதோடு ஒவ்வொரு பெப்ரவரியிலும் 12ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்க வேண்டும். அதே மண்டபம், அதே தேநீர், அதே ரோல்ஸ். கடந்த ஆண்டு இந்தப் படிகளைக் கடந்த இரண்டு பிள்ளைகளும், பாடசாலைகளில் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் இருவரும் தமிழில் பேசினால் போதும். பெற்றோர் சந்திப்புக்குத் துணை தேவைப்படும் குடும்பங்களின் பெயரை அன்றே எழுதிக்கொள்ளலாம். இதற்கு நிதி சேர்க்கத் தேவையில்லை.

தரப்படுத்தலின் காலத்தில் எந்தக் கணக்கை வைத்து இடம் மறுக்கப்படுகிறது என்று கேட்க நம் பெற்றோருக்கு யாரும் வாசல் திறக்கவில்லை. இங்கே பெற்றோர் சந்திப்பு என்ற பெயரில் அந்த வாசல் திறந்திருக்கிறது. ஜூன் மாதத்துக்கு முன் உள்ளே போய் உட்கார்ந்து கேட்பது நம் பொறுப்பு.